எம்.டி.யின் நெஞ்சுவலி

அந்த ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவரை எம்.டி. என்றுதான் கூப்பிடுவார்கள். மேனேஜிங் டைரக்டர் என்பதன் சுருக்கம் அது. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த இரண்டு எழுத்தைக் கேட்கிற நோயாளிகள், பெரிய படிப்புப் படித்த டாக்டர் வருகிறார் என்று நினைத்து பெஞ்சை விட்டு எழுந்து நிற்பார்கள். எம்.டி. அதைத் திருத்தப் போனதில்லை. ஒரு புன்னகை, தோளில் ஒரு தட்டு, "சீக்கிரம் சரியாயிடும்" என்று ஒரு வார்த்தை. வைத்தியம் பார்த்ததாக அவர் எங்கேயும் சொல்லவில்லையே.

நிஜமான எம்.டி. அவருடைய அக்காதான். நகரத்தின் மறுகோடியில், யாரிடமும் காசு வாங்காத பொது மருத்துவமனையில், பொது மருத்துவப் பிரிவுக்குத் தலைமை டாக்டர். "நான் அந்த ரெண்டு எழுத்தைப் படிச்சு வாங்கினேன். நீ நாற்காலியோட சேர்த்து வாங்கிட்டே" என்று தம்பியை வாருவாள். அவரும் விடமாட்டார். "உன் மாட்டுக்கொட்டகை எப்படி இருக்கு அக்கா? மழைக்கு ஒழுகுதா?" என்பார்.

எம்.டி. கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கணக்கில் கெட்டிக்காரர், அவ்வளவுதான். அந்த வருஷம்தான் தன் டாக்டர்களுக்கு ஊக்கத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். நிலையான சம்பளத்தைப் பாதியாக வெட்டி, மீதியை ஸ்கேன், பரிசோதனை, அட்மிஷன் எண்ணிக்கையோடு முடிச்சுப் போட்டிருந்தார். மாதத்துக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கு. யாருக்கும் விதிவிலக்கு கிடையாது. நோயாளியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று டாக்டர்களைக் கூட்டி உட்காரவைத்து அவரே பாடமும் எடுத்தார். முதலில் "சரியான நேரத்துக்கு வந்தீங்க." அப்புறம் "எதுக்கும் ஒரு தடவை பார்த்துடுவோம்." தயங்குகிற ஆளாக இருந்தால் கடைசியாக, "எங்க வீட்டு ஆளா இருந்தா நான் இதைத்தான் செய்வேன்."

இதே எம்.டி., பொது மருத்துவமனை டாக்டர்களுக்குச் சம்பளம் நிர்ணயிக்கிற குழுவில் தனியார் தரப்பு உறுப்பினராகவும் இருந்தார். அங்கே போனால் அவருடைய சுருதியே வேறு. "மருத்துவம் தொழில் அல்ல, தொண்டு. தொண்டுக்கு விலை பேசலாமா?" என்று குரல் தழுதழுக்கக் கேட்டார். குழுவே கைதட்டியது. அதிலும் நிதித் துறை அதிகாரி கொஞ்சம் பலமாகவே தட்டினார். அரசுக்குச் செலவு மிச்சம். பொது மருத்துவமனையில் கட்டுப்படியாகாமல் வெளியேறும் டாக்டர்கள் எங்கே வந்து சேருவார்கள் என்பது எம்.டி.க்கு நன்றாகவே தெரியும்.

இப்படி எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரி ஓடிக்கொண்டிருந்தபோதுதான், ஒரு நாள் தன் அறையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவருக்கு இடது மார்பில் சுருக்கென்று குத்தியது. பேனாவைக் கீழே வைத்தார். மறுபடி குத்தியது. ஏ.சி. அறையில் வியர்த்தது.

அலட்டிக்கொள்ள வேண்டாம், சத்தமில்லாமல் யாரிடமாவது காட்டிவிடலாம் என்று படியிறங்கினார். கீழ்த்தளத்து முதல் அறையில் இருந்தவர் 'ஒண்ணுமில்லை டாக்டர்'. அவருக்கு அந்தப் பெயர் வைத்தவர்கள் நர்ஸுகள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் "ஒண்ணுமில்லை, போய் நல்லாத் தூங்குங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். இலக்குப் பட்டியலில் கடைசி இடம் அவருக்கு நிரந்தரம். "ஒண்ணுமில்லைன்னு சொல்றதுக்கா டாக்டர் இவ்வளவு பெரிய கட்டடம் கட்டி வெச்சிருக்கேன்?" என்று எம்.டி. அவரைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டதும் உண்டு. ஆனால் இன்று அவர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் எம்.டி. போனார்.

ஒண்ணுமில்லை டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். வலியைப் பற்றி விசாரித்தார். பிறகு நிமிர்ந்து, மலர்ந்த முகத்தோடு சொன்னார்: "சரியான நேரத்துக்கு வந்தீங்க சார்."

எம்.டி. அவசரமாகச் சட்டைப் பித்தானைப் போடத் தொடங்கினார்.

"டாக்டர், நான் வெளி ஆள் இல்லை..."

"அதனாலதான் சார். எங்க வீட்டு ஆளா இருந்தா நான் இதைத்தான் செய்வேன்."

"நிஜமாவே ஏதாவது இருக்கா?"

"எதுக்கும் ஒரு தடவை பார்த்துடுவோம்."

சக்கர நாற்காலி வந்தது. அட்மிஷன் கவுன்டரில் இருந்த பெண் எழுந்து நின்று, "சார், டீலக்ஸ் ரூமா, சூப்பர் டீலக்ஸா?" என்று கேட்டாள். எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. அறையைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று உத்தரவு போட்டவரே அவர்தான்.

இதய டாக்டர் ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "சின்ன அடைப்பு மாதிரி தெரியுது. மாதிரிதான் சார். காலையில உள்ள போய்ப் பார்த்துட்டா நிம்மதி." வயிற்று டாக்டர் வந்தார். நெஞ்சுவலி என்று வருவதில் பாதி வயிற்றுக் கோளாறுதான் என்றும், குழாய் விட்டுப் பார்த்துவிட வேண்டும் என்றும் சொன்னார். முதுகெலும்பு டாக்டருக்குக் கழுத்து எலும்பின் மேல் சந்தேகம். கடைசியில் பல் டாக்டர்கூட எட்டிப் பார்த்து, ஈறிலிருக்கிற கிருமி இதயம்வரை பயணம் போகக்கூடும் என்று சொல்லிவிட்டு, வாயைத் திறக்கச் சொன்னார். மாதத்தின் கடைசி நாள் வேறு. கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி ஒருவர் மாற்றி ஒருவர் வந்துகொண்டே இருந்தார்கள்.

எம்.டி. படுத்தபடியே ஒவ்வொரு முகத்தையும் உற்று உற்றுப் பார்த்தார். எல்லா முகத்திலும் அன்பு. எல்லா வாயிலும் அவர் சொல்லிக்கொடுத்த வசனம். இதில் எது தன் நோய், எது அவர்களுடைய இலக்கு? பிரித்துப் பார்க்க வழியே இல்லை. அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் நோயாளியாக இருப்பதில் ஆதாயம் இருந்தது. அந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தவரும் அவரே. நிஜமாகவே அடைப்பு இருந்துவிட்டால்? இல்லாத அடைப்புக்கு இவர்கள் கத்தியைத் தூக்கிவிட்டால்? எந்தப் பக்கம் திரும்பினாலும் பயமாக இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியின் கையைப் பிடித்தார். "அக்காகிட்ட போயிடலாமா?"

"யாரு, மாட்டுக்கொட்டகைக்கா?" என்றாள் அவள்.

"இப்ப அதைச் சொல்லிக் காட்டணுமா?"

"இல்லை, டிரைவருக்கு வழி தெரியணுமே, அதான் கேட்டேன்."

உடையை மாற்றிக்கொண்டு பூனை மாதிரி பின்பக்கம் இறங்கினார்கள். கேட்டில் காவலாளி சல்யூட் அடித்தான். ஆனால் கேட்டைத் திறக்கவில்லை. "மன்னிச்சுக்கோங்க சார். கையில ஊசி போட்ட பிளாஸ்டர் இருந்தா பில் கட்டின சீட்டு இல்லாம வெளிய விடக் கூடாதுன்னு ஆர்டர்."

"அந்த ஆர்டர் போட்டது யாரு தெரியுமா?"

"தெரியும் சார். அதனாலதான் மீற பயமா இருக்கு."

மனைவிதான் போய், கணவருடைய ஆஸ்பத்திரிக்குக் கணவருக்கான பில்லைக் கட்டிவிட்டு வந்தாள். பில்லைப் பார்த்ததும் தனக்கும் லேசாக நெஞ்சு வலித்ததாக அவள் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னாள்.

பொது மருத்துவமனை வராந்தாவில் கூட்டம் அலைமோதியது. பெஞ்சுகள் நிறைந்து, சுவரோரம் ஆட்கள் சாய்ந்து நின்றார்கள். எம்.டி. நேராக முன்னால் போய், டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நான் பெரிய டாக்டரோட தம்பி."

நர்ஸ் நிமிரக்கூட இல்லை. "இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் பெரிய டாக்டரோட தம்பிதான் சார். டோக்கன் வாங்கிட்டு உட்காருங்க. உடம்புக்கு என்ன?"

"நெஞ்சு வலிக்குது."

நர்ஸ் சடாரென்று எழுந்தாள். "அதை முதல்ல சொல்றதை விட்டுட்டு தம்பி, அண்ணன்னுகிட்டு!" பக்கத்து அறைக் கதவு திறந்தது. அவர் யார், எங்கே வேலை, எந்த ரூம் வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் கட்டிலில் படுக்கவைத்து, சட்டையைக் கழற்றி, ஈ.சி.ஜி. எடுத்து, ரத்தமும் எடுத்துவிட்டார்கள். கட்டில் கிறீச்சிட்டது. மேலே மின்விசிறி தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடிக்கொண்டே சுற்றியது. ஆனால் கைகள் அத்தனை சுறுசுறுப்பு.

ஈ.சி.ஜி. தாளோடு அக்கா உள்ளே வந்தாள். தம்பியைப் பார்த்ததும் ஒரு கணம் முகம் வெளிறியது. தாளைப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள், மூச்சு விட்டாள். அதற்கப்புறம்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

"நெஞ்சுவலியை வெச்சுக்கிட்டு ஊரைச் சுத்திட்டா வர்றே?"

"உன்கிட்டதான் அக்கா வந்தேன்."

அவள் மார்பில் விரல்களை ஒவ்வோர் இடமாக வைத்து அழுத்திக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் எம்.டி. கட்டிலை விட்டுத் துள்ளினார்.

"இங்கயா?"

"ஆமா!"

"மூச்சை இழு. இப்ப?"

"அம்மா!"

"என்னத்தைத் தூக்கினே? இல்லை எதையாவது தள்ளினியா?"

மனைவிதான் போட்டு உடைத்தாள். "புது எக்ஸ்ரே மெஷின் வந்ததுன்னு போட்டோ எடுத்தாங்க அண்ணி. இவர் தன் கையாலயே அதை உள்ள தள்ளிட்டுப் போற மாதிரி எடுக்கணுமாம். போட்டோக்காரர் ஒன்ஸ்மோர் ஒன்ஸ்மோர்னு கேட்டுக்கிட்டே இருந்தார். இவரும் நாள் பூரா தள்ளிக்கிட்டே இருந்தார். மெஷின் சக்கரத்துக்கு பிரேக் போட்டிருந்ததே அப்புறம்தான் தெரிஞ்சுது."

அக்கா சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"தசைதான் பிடிச்சிருக்கு. ஒத்தடம் கொடு, சரியாப் போயிடும். ரத்தப் பரிசோதனை முடிவு வர்ற வரைக்கும் இங்கயே படுத்திரு."

"இதயம்?"

"இருக்கு. நானே இப்பதான் தெரிஞ்சுக்கிட்டேன்."

பிறகு ரத்த அழுத்தம் பார்த்தாள். முகம் சற்று மாறியது. "இதுதான்டா உண்மையில ஏறியிருக்கு. உன் ஆளுங்க யாராவது சொன்னாங்களா?"

"இல்லையே."

"கண்டிப்பா குறிச்சு வெச்சிருப்பாங்க. ஆனா உப்பைக் குறை, தினமும் நடன்னு சொல்றதுல அவங்களுக்கு என்ன கிடைக்கும்?"

முடிவு வரும்வரை எம்.டி. அவளுடைய அறையின் மூலையில் படுத்துக் கிடந்தார். அக்கா அடுத்தடுத்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் இன்னும் இரண்டு டாக்டர் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மேஜையில் அவளுடைய டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. நின்று நின்று ஒரு கால் வலித்தால் மறுகாலுக்கு மாறி நின்றாள். தலையில் நரை இத்தனை இருப்பதை அவர் அன்றுதான் கவனித்தார்.

"இந்த நாற்காலிக்காரங்க எல்லாம் லீவா அக்கா?"

"ஒருத்தன் உன் ஆஸ்பத்திரியில இதய டாக்டர். இன்னொருத்தி உன் வயித்து டாக்டர்."

எம்.டி. கூரையைப் பார்த்துக்கொண்டார்.

ரத்த முடிவும் நல்லபடியாக வந்தது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவரிடம், கை கழுவிக்கொண்டே அக்கா சொன்னாள்: "உன் ஆஸ்பத்திரியில இருந்து ஒரு அம்மா போன் பண்ணாங்க. ஆள் எடுக்கற பிரிவாம். நான் உனக்கு அக்கான்னு அவங்களுக்குத் தெரியாது போலிருக்கு. இங்க வாங்கறதைப் போல மூணு மடங்கு தர்றாங்களாம்."

"நீ என்ன சொன்னே?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன். வந்துடலாம்னுதான் இருக்கேன்."

எம்.டி.க்கு நிஜமாகவே நெஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. "அக்கா, நீ... நீ அப்படி எல்லாம் போற ஆள் இல்லையே!"

"ஏன், நான் என்ன சாமியாரா? ஒரே ஆளா மூணு பேர் வேலையைப் பார்க்கறேன். உன் மச்சானோட சேர்ந்து நாலு நாள் வெளியூர் போய் எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? சம்பளத்தைக் கேட்டா, ஒருத்தன் குழுவுல எழுந்து நின்னு" என்றவள், தம்பியின் குரலை அப்படியே எடுத்து, "'தொண்டுக்கு விலை பேசலாமா?'ங்கறான். கேட்டவங்க எல்லாம் கைதட்டினாங்களாமே?"

மனைவி பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடினாள்.

"அக்கா, தயவுசெஞ்சு அங்க மட்டும் வந்துடாதே."

"ஏன்டா? உலகத் தரம்னு ஊரெல்லாம் போர்டு வெச்சிருக்கே?"

"வந்தா உனக்கும் இலக்கு வந்துடும். அப்புறம் நீ என் நெஞ்சுல கை வெச்சு ஒண்ணுமில்லைன்னு சொன்னாலும், ஏதோ இருக்குன்னு சொன்னாலும் எனக்கு எப்படித் தெரியும்? என்னால எந்த ஆதாயமும் இல்லாத ஒரு டாக்டராவது எனக்கு வேணாமா?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது எம்.டி.யின் காதில் விழுந்தது. அக்கா கையைத் துடைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும் அதேதான்டா வேணும்" என்றாள். "அடுத்த குழுக் கூட்டம் முடியட்டும். அதுக்கப்புறம் உன் ஆபீஸ் அம்மாவுக்குப் பதில் சொல்றேன். இப்ப எழுந்திரு, அடுத்த ஆளுக்குக் கட்டில் வேணும்."

குழுக் கூட்டத்தில் எம்.டி. எழுந்தபோது, நிதித் துறை அதிகாரி கைதட்டுவதற்குத் தயாராக இருந்தார். எம்.டி. தொண்டையைச் செருமிக்கொண்டு, பொது மருத்துவமனை டாக்டர்களுக்கு நியாயமான சம்பளம் தந்தே ஆக வேண்டும், காலி நாற்காலிகளை நிரப்ப வேண்டும் என்றார். அதிகாரியின் கைகள் அந்தரத்திலேயே நின்றன.

"போன கூட்டத்துல நீங்கதானே தொண்டுன்னீங்க?"

"தொண்டுதான். தொண்டு செய்யறவங்களுக்கும் கால் வலிக்குது சார். டீ ஆறிப் போகுது."

"டீயா? டீக்கும் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம்?"

எம்.டி.க்கு உண்மையான காரணத்தைச் சொல்ல முடியவில்லை. எக்ஸ்ரே மெஷினைத் தள்ளிய கதையைக் குழுவில் சொல்லவா முடியும்? எனவே கணக்கில் இறங்கினார். டாக்டர் போனால் நோய் முற்றும், முற்றினால் அரசுக்கே செலவு கூடும் என்று அடுக்கினார். கணக்கு அவருக்குக் கைவந்த கலை. அதிகாரி விடாக்கண்டனாக மறித்தார். எம்.டி.யும் பிடியை விடவில்லை. நாக்குத் தள்ளியது. கடைசியில் டாக்டர்கள் கேட்டதில் பாதி உயர்வு நிறைவேறியது.

வெளியே வந்ததும் இன்னொரு தனியார் உறுப்பினர் அவரை மடக்கினார். தெருவுக்குத் தெரு ஸ்கேன் சென்டர் வைத்திருந்ததால், ஊர் அவரை 'ஸ்கேன் சக்கரவர்த்தி' என்று அழைத்தது.

"புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு? அங்க சம்பளம் ஏறினா நமக்கு எவன் வருவான்? நம்ம வயித்துல நாமளே அடிச்சுக்கலாமா?"

எம்.டி. அவரை ஓரமாக அழைத்துப் போனார். "நான் ஒண்ணு கேட்கறேன். உங்களுக்கு நெஞ்சு வலிச்சா யார்கிட்ட போவீங்க?"

"என்கிட்ட இல்லாத டாக்டரா? எங்க ஆளுங்களே..." என்று ஆரம்பித்த சக்கரவர்த்தி பாதியில் நிறுத்தினார். அவருடைய டாக்டர்கள் ஒவ்வொருவராக அவர் முகத்தில் வந்து போனது எம்.டி.க்கே தெரிந்தது. பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கிசுகிசுப்பாகக் கேட்டார்: "உங்க அக்கா பொது மருத்துவமனையில என்னென்னிக்கு இருப்பாங்க?"

கூட்டம் முடிந்த கையோடு அக்கா போன் செய்தாள். "பாதிதான் வாங்கியிருக்கே."

"அதுக்கே உயிர் போயிடுச்சு அக்கா."

"போகலை, நான்தான் பார்த்தேனே. மீதிக்கு எப்ப கூட்டம்?"

ஆனால் ஆபீஸ் அம்மாவுக்கு அவள் 'வரவில்லை' என்று சொல்லிவிட்டாள் என்ற செய்தி அன்றே எம்.டி.யின் மேஜைக்கு வந்துவிட்டது. ஆள் எடுக்கிற பிரிவு அதை வருத்தத்தோடு தெரிவித்திருந்தது. எம்.டி. அவர்களுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தார். எதற்கென்று யாருக்கும் புரியவில்லை.

சந்தோஷம் நீடிக்கவில்லை. முதலில் ஒண்ணுமில்லை டாக்டர் ராஜினாமாவோடு வந்தார். பொது மருத்துவமனையில் காலியாக இருந்த ஒரு நாற்காலிக்குப் போகிறாராம்.

"டாக்டர், ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. அன்னிக்கு என்கிட்ட நிஜமாவே ஏதோ இருக்குன்னு நினைச்சீங்களா, இல்லை வேணும்னே என்னைச் சுத்தவிட்டீங்களா?"

டாக்டர் சற்று யோசித்தார். "நெஞ்சுவலின்னா ஒரு ஈ.சி.ஜி. எடுத்தே ஆகணும் சார். அது வைத்தியம். மீதி எல்லாம் நீங்க சொல்லிக்கொடுத்தது. ஆனா அந்த மாசம்தான் முதல் தடவையா எனக்கு முழுச் சம்பளம் வந்துது. ரொம்ப நன்றி சார்."

எம்.டி.க்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. தசைப்பிடிப்பு முழுசாக ஆறாததால் சிரிக்கவும் வலித்தது. மார்பைப் பிடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அடுத்து இதய டாக்டர் வந்தார். அவர் ராஜினாமா தரவில்லை. ஆனால் பொது மருத்துவமனைச் சம்பளம் இப்போது முன்னைப்போல் இல்லை என்பதைப் பேச்சுவாக்கில் சொன்னார். வயிற்று டாக்டரும் அதையே சொன்னார். இலக்கு இல்லாமல் நிலையான சம்பளம் தந்தால் இங்கேயே இருப்பதாக எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். எம்.டி. கணக்குப் போட்டுப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், ஊக்கத் திட்டத்தைத் தன் கையாலேயே ரத்து செய்தார். அந்த வருஷ லாபம் மெலிந்தது. ஆஸ்பத்திரி மூழ்கிவிடவில்லை. புதிதாகப் போட நினைத்திருந்த நீரூற்று மட்டும் வாசலுக்கு வரவில்லை.

புது டாக்டர்கள் வந்து சேர்ந்ததும் அக்கா முதல் காரியமாக லீவு போட்டாள். கணவரோடு கடற்கரை ஊர் ஒன்றுக்குக் கிளம்பினாள். கிளம்புகிற அன்று தம்பிக்கு போன் செய்து, திரும்பி வரும்வரை போனை அணைத்து வைக்கப்போவதாகச் சொன்னாள்.

"அவசரம்னா என்ன அக்கா பண்றது?" என்று பதறினார் எம்.டி.

"அவசரம் வராமப் பார்த்துக்கோ" என்று வைத்துவிட்டாள்.

அவள் திரும்பி வருகிறவரை எம்.டி. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். யாராவது பக்கத்தில் தும்மினால்கூட அறையை விட்டு எழுந்து போனார்.